மிஷிமா குடித்த புளித்த பால்

மங்கோலியக் கூடாரத்தில் குடித்த புளித்த பால், ஒருவருடைய வாழ்க்கைப் பாதையையே மாற்றியது. அவர் இறந்த பிறகு, அதே புளித்த பால் ரத்தக் கொதிப்பு ஆராய்ச்சிக்கும் ஒரு வழி காட்டியது. அவர்தான் ஜப்பானில் புகழ் பெற்ற கைஉன் மிஷிமா.

கோவில் பிள்ளை

1878-ம் ஆண்டில், ஒசாகா பகுதியில் உள்ள ஒரு புத்தர் கோவிலில் மிஷிமா பிறந்தார். அது வசதி இல்லாத கோவில். 1902-ல் கப்பல் ஏறிச் சீனாவுக்குப் போனார். அங்கு வியாபாரம் செய்தார்.

1908-ல் உள் மங்கோலியாவுக்குப் பயணம் போனார். வழி நெடுகிலும் அலைச்சல். வயிறு கெட்டது. உடல் மெலிந்தது. மங்கோலிய மக்கள் தினமும் குடிக்கும் புளித்த பாலை அவருக்குக் கொடுத்தார்கள். தொடர்ந்து குடித்தார். உடல் தேறியது. தம்மைக் காப்பாற்றியது அந்தப் பால்தான் என்று நம்பினார்.

கால்பிஸ் பிறந்தது

1915-ல் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். புளித்த பாலை ஜப்பானியர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் கூடவே வந்தது. ஒன்றிரண்டு முயற்சிகள் பலிக்கவில்லை. அவர் சோர்ந்து விடவில்லை. 1919-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி "கால்பிஸ்" என்ற பானத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தார். பெயரில் பாதி, கால்சியம். மீதி, நெய்யைக் குறிக்கும் "சர்பிஸ்" என்ற சமஸ்கிருதச் சொல்!

1923 செப்டம்பரில் டோக்கியோ பூகம்பத்தால் நாசம் அடைந்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் தவித்தார்கள். மிஷிமா கையில் இருந்த பணத்தைப் போட்டு லாரிகளை அமர்த்தினார். கால்பிஸைத் தண்ணீரில் கலந்து தெருத் தெருவாக இலவசமாக வழங்கினார். அவர் பெயர் நாடெங்கும் பரவியது.

1974-ல், 96-வது வயதில் மிஷிமா காலமானார்.

மூன்று பூக்கள்

1995-ல் அவருடைய கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் புளித்த பாலில் ஒரு புதுமையைக் கண்டார்கள்.

பாலில் உள்ள புரதம் ஒரு நீண்ட பூமாலை போன்றது. அமினோ அமிலங்கள் அதன் பூக்கள். பால் புளிக்கும்போது கிருமிகள் அந்த மாலையைத் துண்டு துண்டாக்குகின்றன. இந்தச் சிறு துண்டுகளுக்குப் பெப்டைடு என்று பெயர். அவற்றில் மூன்றே பூக்கள் கொண்ட இரண்டு துண்டுகளுக்குத் தனிக் குணம் இருந்தது.

நம் உடலில் ஒரு நொதி உண்டு. ரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் உருவாக அது உதவுகிறது. குழாய் சுருங்கினால் ரத்தக் கொதிப்பு ஏறும். இந்தச் சிறு துண்டுகள் அந்த நொதியைத் தடுக்கின்றன. ரத்தக் கொதிப்புக்கு டாக்டர்கள் கொடுக்கும் சில மாத்திரைகள் செய்யும் வேலையும் இதுதான். ஆனால் மாத்திரைக்கு வலிமை மிக அதிகம்.

ஜப்பானில் நடந்த சில சோதனைகளில், அந்தப் பாலைக் குடித்தவர்களுக்குக் கொதிப்பு சிறிதளவு குறைந்தது. ஆனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, 2012-ல் சான்றுகளைப் பரிசீலித்து, பலன் நிரூபணம் ஆகவில்லை என்று சொல்லிவிட்டது.

எல்லாத் தயிரிலும் இந்தத் துண்டுகள் ஒரே அளவில் இருப்பதில்லை. மோரில் உப்பை அள்ளிப் போட்டால் கொதிப்பு ஏறத்தான் செய்யும். ஆகவே தயிரை நம்பி மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள். உப்பைக் குறையுங்கள், டாக்டர் சொன்னபடி நடவுங்கள். தயிர் நல்ல உணவு, மருந்து அல்ல.