சோடியத்தைக் கண்டெடுத்த டேவி

கரிமச் சேர்மத்தைச் சோடியத்துடன் உருக்கிச் சோதிக்கும் செய்முறை வகுப்பு. மண்ணெண்ணெயிலிருந்து எடுத்த துண்டைக் கத்தியால் அறுத்தேன். வெண்ணெய்க் கட்டி போல் அறுபட்டது. எண்ணெயை ஒற்றிய வடிதாளை ஈரத் தொட்டியில் எறிந்துவிட்டேன். மறுகணம் மஞ்சள் தீ குபீரென்று எழுந்து வெடித்தது. சிறு துணுக்கு நீரில் தனியே ஓடினால் பெரும்பாலும் தீப்பற்றாது. ஈரத்தாளில் ஒட்டிக்கொண்டால் சூடு ஓரிடத்தில் சேர்ந்து, வெளிவரும் ஹைட்ரஜன் எரிந்துவிடும். உதவியாளர் என்னைப் பின்னுக்கு இழுத்திராவிட்டால் என் கண் என்னவாகியிருக்குமோ! அன்று மாலையே, இதை முதலில் பிரித்தெடுத்தவர் யாரென நூலகத்தில் தேடினேன்.

ஹம்ப்ரி டேவி 1778இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள பென்சான்சில் பிறந்தார். மரச்செதுக்கு வேலை செய்த தந்தை 1794இல் காலமானார். அடுத்த ஆண்டு ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்த டேவி, பல்கலைக்கழகத்தில் படித்தவரல்லர். 1798இல் பிரிஸ்டல் சென்று, வாயுக்களைத் தாமே சுவாசித்து ஆராய்ந்தார். சிரிப்பூட்டும் வாயு மகிழ்வித்தது; நீர்வாயுவோ உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. இதைத் துணிவு என்பதா, அசட்டுத்தனம் என்பதா? எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது.

1801இல் லண்டன் ராயல் நிறுவனத்தில் சேர்ந்தார். எரிசோடாவைத் தனிமமாக்க எவராலும் இயலாதிருந்த காலம். நீர்க்கரைசலில் மின்சாரம் செலுத்தினால் நீரே பிரிந்தது. ஆகவே கரைசலை விட்டு, சற்றே ஈரமான திண்மக் காரத்தில் செலுத்தினார். 1807 அக்டோபரில் முதலில் பொட்டாசியம், சில நாட்களில் சோடியம்! நவம்பர் 19ஆம் நாள் அதை அறிஞர் அவையில் விளக்கியவர், உடனே கடும் நோயில் வீழ்ந்து பல வாரம் உயிருக்குப் போராடினார். தேறியெழுந்து, 1808இல் கால்சியம் முதலிய உலோகங்களையும் பிரித்தார்.

1812இல் நைட்ரஜன் டிரைகுளோரைடு வெடித்து அவர் கண்ணைக் காயப்படுத்தியது. அப்போது எழுத உதவிய இளைஞரே மைக்கேல் ஃபாரடே. 1813இல் நிலையான உதவியாளரானார். பின்னாளில் அதே ஃபாரடே ராயல் கழக உறுப்பினராவதை டேவி எதிர்த்தது, அவரிடம் எனக்கிருந்த மதிப்பைச் சற்றுக் குறைத்தது. ஆனால் 1815இல் சுரங்கத் தொழிலாளருக்காகக் கம்பிவலை விளக்கு அமைத்தவர், அதற்குக் காப்புரிமை கோரவில்லை.

1829 மே 29 அன்று ஜெனிவாவில், தம் ஐம்பதாம் வயதில் மறைந்தார்.

அடுத்த செய்முறை வகுப்பில், மிஞ்சிய சோடியத் துணுக்கை எரிசாராயத்திலிட்டு, குமிழி அடங்கிக் கரையும்வரை பக்கத்திலேயே நின்றேன்.