காலத்தோடு ஓடியவர்

பின்லாந்து நாட்டின் தென்மேற்குக் கரையில் துர்க்கு என்னும் பழைய நகரம் உள்ளது. அந்நகரில் 1897-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள், தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பாவோ நுர்மி பிறந்தார். அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவராய் இருந்தபொழுது தந்தையார் இறந்தார். குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. நுர்மி பள்ளியை விடுத்து, ரொட்டிக் கடை ஒன்றில் ஏவலாளாகச் சேர்ந்தார். சுமை வண்டியை மேட்டு நிலங்களில் தள்ளிச் சென்றதால் அவர் கால்கள் உரம் பெற்றன.

1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் பிரெஞ்சு வீரர் கில்லெமோவிடம் தோற்றார். சில நாட்களில் 10,000 மீட்டரில் அவரையே வென்றார். எனினும் அத்தோல்வியை அவர் மறந்தாரல்லர். அதன் பின்னர் நிறுத்துக் கடிகாரம் ஒன்றைக் கையில் ஏந்தி, ஒவ்வொரு சுற்றையும் கணக்கிட்டு ஓடலானார். உடன் ஓடுவோரைக் காட்டிலும் கடிகார முள்ளே அவருக்குப் பெரும் போட்டியாளராய் விளங்கியது எனலாம்.

விரைந்து ஓடிவிட்டால் மட்டும் அஃது உலகச் சாதனை ஆகிவிடாது. 1912-இல் ஸ்டாக்ஹோமில் தோன்றிய அனைத்துலகத் தடகளச் சங்கம் அதற்கென விதிகள் வகுத்தது. ஓடுதளத்தின் நீளம் அளந்து சரிபார்க்கப்பெற வேண்டும். நேரங் குறிப்போர் தத்தம் கடிகாரங்களில் கண்டதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அத்தாள்களை ஆராய்ந்து சங்கம் ஒப்பிய பின்னரே சாதனை ஏட்டில் ஏறும். அவ்வாறு நுர்மியின் பெயரில் ஏறியவை 22.

10,000 மீட்டரில் பிரெஞ்சு வீரர் பூவென் 1911-இல் நாட்டிய சாதனை 30 நிமிடம் 58.8 வினாடி. 1921-இல் நுர்மி அதனை 30 நிமிடம் 40.2 வினாடியாகக் குறைத்தார். 1924-இல் அவர்தம் நாட்டவரான ரித்தோலா இருமுறை குறைத்து, பாரிஸ் ஒலிம்பிக்கில் 30 நிமிடம் 23.2 வினாடியில் ஓடினார். நுர்மி அப்போட்டியில் சேர்க்கப்படவில்லை. ஆயினும் அதே பாரிசில், ஏறத்தாழ ஒரு மணி நேர இடைவெளியில் 1,500 மீட்டரையும் 5,000 மீட்டரையும் வென்றார். பின்னர் ஆகஸ்டு 31-ஆம் நாள் குவோப்பியோ நகரில் 10,000 மீட்டரை 30 நிமிடம் 6.2 வினாடியில் ஓடி முடித்தார். 400 மீட்டருக்கு ஏறத்தாழ 72 வினாடி என்னும் வேகம் அது!

பொருள் பெறாது ஓடுவோர்க்கே அந்நாளில் ஒலிம்பிக்கில் இடமுண்டு. ஜெர்மனியில் ஓடியபொழுது வழிச்செலவென மிகுதியான பணம் பெற்றார் என்று குற்றஞ்சாட்டி, 1932-இல் சங்கம் அவரை விலக்கியது. மாரத்தான் ஓடும் வேட்கையுடன் லாஸ் ஏஞ்சல்சு நகரம் வரை சென்றிருந்த நுர்மி, மைதானத்திற்கு வெளியே நிற்க நேர்ந்தது. அவ்விலக்கு அவருக்குத் தீராத மனப்புண்ணாயிற்று. ஆனால் ஏட்டில் இருந்த சாதனைகளை எவரும் அழிக்கவில்லை. குவோப்பியோச் சாதனை 1937 வரை நின்றது. அவ்வாண்டில் சல்மினென் என்னும் பின்லாந்து வீரர் அதனினும் 0.6 வினாடியே குறைவாக ஓடி அதனைக் கடந்தார்.

1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் தொடங்கிய அன்று தீப்பந்தம் ஏந்தி மைதானத்துள் ஓடிவந்தவர் 55 வயது நுர்மி. அவரைக் கண்ட மக்கள் பேராரவாரம் செய்தனர். 1973 அக்டோபர் 2-ஆம் நாள் அவர் காலமானார். அவ்வாண்டு ஜூலையில்தான் இங்கிலாந்து வீரர் பெட்ஃபோர்டு 10,000 மீட்டர் சாதனையை 27 நிமிடம் 30.8 வினாடிக்குக் கொணர்ந்திருந்தார்.