நாற்பது ஆண்டு காத்திருந்த நாணயச் சிற்பி

நாணயம் சேகரிப்போர் உலகில் மார்கன் டாலர் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. அமெரிக்க நாட்டின் பழைய வெள்ளி டாலருக்கு வழங்கும் பெயர் அது. நாணயத்தில் ஆட்சியாளரின் பெயர் இருக்கும். நாட்டின் பெயர் இருக்கும். அதன் அச்சைச் செதுக்கிய ஊழியரின் பெயராலேயே ஒரு நாணயம் அழைக்கப்படுவது அபூர்வம். அந்தப் பெருமை பெற்ற ஜார்ஜ் தாமஸ் மார்கன், தம் அலுவலகத்தில் தலைமைப் பதவிக்கு வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

மார்கன் அமெரிக்கர் அல்ல. 1845ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். உலோக வேலைக்குப் பேர்போன பர்மிங்காம் நகரின் கலைப் பள்ளியில் பயின்று, உதவித்தொகை பெற்று லண்டன் சௌத் கென்சிங்டனில் மேற்படிப்பு முடித்தார். பின்னர் நாணய அச்சு வேலையில் பரம்பரைப் புகழ் பெற்ற வையன் குடும்பத்தாரிடம் பணியாற்றித் தொழிலில் தேர்ந்தார்.

கடல் கடந்த வேலை

அமெரிக்க நாணயங்களின் உருவத்தை மாற்ற வேண்டும் என்று விரும்பிய நாணயச் சாலைத் தலைவர் ஹென்றி லிண்டர்மன், திறமையான செதுக்குநர் ஒருவரை அனுப்பும்படி லண்டன் நாணயச் சாலைக்கு எழுதினார். சிபாரிசு செய்யப்பட்டவர் மார்கன். 1876 அக்டோபரில் அவர் பிலடெல்பியா வந்து சேர்ந்தார். அப்போது வயது முப்பது.

வந்த இடத்தில் வரவேற்பு இல்லை. தலைமைச் செதுக்குநர் வில்லியம் பார்பர் அங்கே இருந்தார். அவருடைய மகன் சார்லஸ் பார்பர் உதவியாளர். தந்தையும் மகனும் உள்ள இடத்தில், மேலதிகாரி நேராக வரவழைத்த மூன்றாம் ஆளுக்கு என்ன மரியாதை கிடைக்கும்? ஆரம்பத்தில் நாணயச் சாலைக்குள் அவருக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. தங்கியிருந்த விடுதியிலேயே வேலையைத் தொடங்கினார்.

அக்கால வழக்கப்படி கிரேக்கத் தேவதையின் முகத்தைப் பார்த்து எழுதாமல், உயிருள்ள ஓர் அமெரிக்கப் பெண்ணின் முகத்தைச் செதுக்க விரும்பினார் மார்கன். பிரபல ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் மூலம் அன்னா வில்லஸ் வில்லியம்ஸ் என்ற இளம் பெண் அறிமுகமானார். தயங்கித் தயங்கியே அவர் சம்மதித்தார். சுதந்திர தேவியாக டாலரில் அமர்ந்தது அவர் முகம்தான். விஷயம் வெளியே தெரிந்தபின் அந்த அம்மையாருக்குத் தொல்லைதான் மிஞ்சியது. நாடகத்தில் நடிக்க அழைப்பு வந்தது, மறுத்துவிட்டார். ஆசிரியப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்து 1926இல் காலமானார்.

யாரும் கேட்காத டாலர்

மேற்கு அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துச் சுரங்கங்களில் வெள்ளி வெட்ட வெட்ட வந்துகொண்டிருந்த காலம் அது. வெள்ளி விலை சரிந்தது. சுரங்க முதலாளிகளும் கடனில் மூழ்கிய விவசாயிகளும் வெள்ளி நாணயம் வேண்டும் என்று குரல் எழுப்பினர். மாதந்தோறும் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை அரசு வாங்கி டாலராக அடிக்க வேண்டும் என்ற சட்டம், ஜனாதிபதி ஹேஸின் தடையையும் மீறி 1878 பிப்ரவரி 28 அன்று நிறைவேறியது.

பார்பர் செய்த மாதிரியும் மார்கன் செய்த மாதிரியும் பரிசீலனைக்கு வந்தன. வென்றது மார்கனுடையது. மார்ச் 11ஆம் தேதி முதல் நாணயம் அச்சேறியது. அதைப் பெற்றுக்கொண்டவர், சட்டத்தைத் தடுக்கப் பார்த்த அதே ஹேஸ்தான்!

ஒரு பக்கம் தேவியின் தலை. மறுபக்கம் சிறகு விரித்த கழுகு. எடை 26.73 கிராம். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. தேவியின் கழுத்தின் அடியில் எம் என்ற ஒரே ஓர் எழுத்து. மார்கன் வைத்த கையொப்பம் அது. முதலில் கழுகின் வாலில் எட்டு இறகுகள் இருந்தன. அதே ஆண்டில் அவை ஏழாயின. அந்த வித்தியாசத்தைக்கூட இன்று லென்ஸ் வைத்துத் தேடுகிறார்கள்.

அன்று மக்கள் அதை விரும்பவில்லை என்பதே உண்மை. கனத்த நாணயத்தைச் சட்டைப்பையில் சுமக்க யாருக்கு ஆசை? மேற்குப் பகுதியிலும் தெற்கிலும் ஓரளவு புழங்கியது. மற்ற இடங்களில் காகித நோட்டே போதும் என்றார்கள். ஆயிரம் ஆயிரமாகப் பைகளில் கட்டப்பட்டு, கஜானாவின் நிலவறைகளில் டாலர்கள் உறங்கின. 1904இல் வெள்ளி தீர்ந்து அச்சடிப்பு நின்றபோது, சுமார் 57 கோடி நாணயங்கள் வெளிவந்திருந்தன.

கிடைக்காத பதவி

மார்கனின் டாலர் வெளிவந்த மறு ஆண்டே அவரை ஆதரித்த லிண்டர்மன் இறந்தார். அதே 1879இல் வில்லியம் பார்பரும் இறந்தார். தலைமைப் பதவி காலியாயிற்று. ஆனால் அது மகன் சார்லஸ் பார்பருக்குப் போனது. மார்கன் உதவியாளராகவே இருந்தார்.

ஓராண்டு, ஈராண்டு அல்ல, 1917 வரை. சில்லறை நாணயங்களுக்குப் புது உருவம் கொடுக்கும் வேலை 1892இல் வந்தது. அதை பார்பரே செய்தார். கொலம்பஸ் நினைவாக அரை டாலர் வந்தபோது முன்பக்கம் பார்பருடையது. பின்பக்கம்தான் மார்கனுக்குக் கிடைத்தது. சலுகை கிடைக்காத கோபத்தில் அவர் ஊர் திரும்பவில்லை. கொடுத்த வேலையைச் செய்தார்.

1917 பிப்ரவரியில் சார்லஸ் பார்பர் காலமானார். தலைமைச் செதுக்குநர் நாற்காலி மார்கனுக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 71. நம் அலுவலகங்களில் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்!

இந்தியாவுக்கு வந்த வெள்ளி

பதவி கிடைத்த மறு ஆண்டே அவருடைய டாலருக்குப் பெரும் சோதனை வந்தது. அதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு.

முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் தானியமும் சணலும் பிற பொருள்களும் ஏராளமாக வாங்கியது. அவற்றுக்கு வெள்ளி ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. வாங்கியவர்கள் ரூபாயைப் பெட்டியில் பூட்டினார்கள். ஒரு ரூபாய் நோட்டு 1917 நவம்பரில் முதன்முதலாக வெளியிடப்பட்டதும் இந்தத் தட்டுப்பாட்டால்தான். நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்கும் கூட்டம் பெருகியது. கஜானாவில் வெள்ளி வற்றியது.

பிரிட்டன் அமெரிக்காவின் உதவியை நாடியது. நெவாடா செனட்டர் பிட்மன் கொண்டுவந்த சட்டம் 1918 ஏப்ரலில் நிறைவேறியது. நிலவறைகளில் உறங்கிய டாலர்கள் உலைக்குப் போயின. உருக்கப்பட்டவை 27 கோடியே 2 லட்சத்து 32 ஆயிரத்து 722. அதில் 25 கோடியே 91 லட்சம் டாலர்களின் வெள்ளி, ரூபாய் அடிப்பதற்காக இந்தியாவின் பொருட்டு பிரிட்டனுக்கு விற்கப்பட்டது.

கணக்குப் பார்த்தால், ஒரு டாலரில் இருந்த வெள்ளியைக் கொண்டு அக்கால ரூபாய் இரண்டேகால் அடிக்கலாம். மொத்தத்தில் ஏறக்குறைய 58 கோடி ரூபாய்க்கான வெள்ளி! 1918க்குப் பின் நம் பாட்டனார் காலத்தில் கைமாறிய ஜார்ஜ் மன்னர் ரூபாய்களில், மார்கன் செதுக்கிய தேவியின் வெள்ளியும் கலந்திருந்தது.

அடித்த நாணயத்தில் ஏறக்குறைய பாதி போயிற்று. எந்த ஆண்டு நாணயம் எத்தனை உருகியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. இன்றைய சேகரிப்பாளரின் தேடலுக்கு இதுவே வேர். ஏட்டில் லட்சக்கணக்கில் இருக்கும், கையில் கிடைக்காது.

தேய்ந்தும் தேயாத நாணயம்

உதாரணம், 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த டாலர். இதிலும் இந்தியாவின் நிழல் உண்டு. அவ்வாண்டு ஜூன் மாதம் இந்திய நாணயச் சாலைகள், மக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தருவதை நிறுத்தின. உலகச் சந்தையில் வெள்ளி விழுந்தது. அமெரிக்காவில் பொருளாதார நெருக்கடி முற்றியது. நவம்பரில் வெள்ளி வாங்கும் சட்டமே ரத்தாயிற்று. சான் பிரான்சிஸ்கோ சாலை அவ்வாண்டு அடித்த டாலர் ஒரு லட்சம் மட்டுமே. மார்கன் டாலர்களில் புழக்கத்துக்கு விடப்பட்டவற்றுள் இதுவே மிகக் குறைந்த எண்ணிக்கை. வந்தவை பெரும்பாலும் மேற்குப் பகுதி மக்கள் கையில் புழங்கித் தேய்ந்தன.

எனவே புத்தம் புதிதாகக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் செல்வந்தர் மட்டுமே தொடக்கூடிய விலை. ஆகவே விவரமறிந்த சேகரிப்பாளர்கள், சில காலம் மட்டும் புழங்கி லேசாகத் தேய்ந்தவற்றை நாடுகிறார்கள். எழுபது மதிப்பெண் கொண்ட தர அளவில் புழங்காத நாணயம் 60க்கு மேல். அபௌட் அன்சர்குலேட்டட் எனப்படுவது 50 முதல் 58. எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்பது 40 முதல் 45.

இத்தரத்தை அறிய இரண்டு இடம் பார்க்க வேண்டும். தேவியின் காதுக்கு மேலே உள்ள கூந்தல். கழுகின் மார்பு இறகு. நாணயத்தில் மேடான இடங்கள் இவையே. முதலில் தேய்பவையும் இவையே. மார்கன் கீறிய கூந்தல் இழைகள் தெளிவாகத் தெரிந்தால் விலை ஒன்று; மழுங்கியிருந்தால் வேறு.

மோசடியும் உண்டு. எழுத்துக் குறியில்லாத பிலடெல்பியா நாணயத்தில் எஸ் எழுத்தை ஒட்டி விற்பார்கள். உண்மையான நாணயங்கள் அனைத்தின் முன்பக்கமும் ஒரே அச்சிலிருந்து வந்தவை. ஆகையால் லிபர்ட்டி என்ற சொல்லின் டி எழுத்தின் மேல்பகுதியில் சாய்வான ஒரு மெல்லிய மேடு காணப்படும். அதைப் பார்க்காமல் பணம் கொடுப்பவர் ஏமாறுவார்.

அரிது என்பதும் நிலையல்ல. 1903இல் நியூ ஆர்லியன்ஸில் அடித்த டாலர், புதிய நிலையில் ஆயிரம் டாலருக்கு மேல் மதிக்கப்பட்டது. 1962இல் கஜானா பழைய பைகளைத் திறந்தபோது அது மூட்டை மூட்டையாக வெளிவந்தது; விலை தலைகுப்புற விழுந்தது.

கடைசி வேலை

உருக்கிய அளவுக்கு மீண்டும் டாலர் அடிக்க வேண்டும் என்றும் பிட்மன் சட்டம் சொல்லியிருந்தது. 1921இல் மார்கன் டாலரை மறுபடி தொடங்க ஆணை வந்தது. மூல அச்சுகளோ 1910லேயே அழிக்கப்பட்டிருந்தன. இளமையில் செய்த வேலையை எழுபத்தைந்து வயதில் அவரே திரும்பச் செய்தார். அவ்வாண்டு மட்டும் எட்டரைக் கோடிக்கு மேல் அச்சாயிற்று.

அதே ஆண்டு இறுதியில் அவருடைய டாலருக்குப் பதில், டி ஃபிரான்சிஸ்கி என்ற இளைஞர் வரைந்த சமாதான டாலர் தேர்வாயிற்று. அந்த வடிவத்தில் கழுகின் கீழே இருந்த முறிந்த வாள், தோல்வியின் சின்னம் என்று எதிர்ப்பு கிளம்பியது. கடைசி நேரத்தில் நுண்ணிய கருவி கொண்டு வாளை நீக்கி அச்சைத் திருத்தியவர் மார்கன். தம் நாணயத்தின் இடத்தைப் பிடிக்க வந்த நாணயத்தைத் தம் கையாலேயே செம்மை செய்து கொடுத்தார்.

1925 ஜனவரி 4 அன்று, பதவியில் இருக்கும்போதே அவர் காலமானார். வயது 79.

பதவியில் முந்திய பார்பரின் பெயரிலும் நாணயங்கள் உண்டு. ஆயினும் சேகரிப்பாளர்கள் அதிகம் விரும்புவது மார்கன் டாலரைத்தான். நூறு ஆண்டு நிறைவை ஒட்டி 2021இல் அமெரிக்க அரசு அதே உருவத்தை மீண்டும் வெளியிட்டது. பெரிய நாற்காலி எட்டு ஆண்டுகூட அவருக்கு நிலைக்கவில்லை. சிறிய மேசையில் அமர்ந்து முப்பத்திரண்டு வயதில் முடித்துக் கொடுத்த வேலையே அவர் பெயரைக் காப்பாற்றி வருகிறது.