மின்னோட்டத்தை அளந்த ஆசிரியர்

ஜெர்மனி நாட்டின் எர்லாங்கன் நகரிலே பூட்டுச் செய்யும் தொழிலாளி ஒருவர் வாழ்ந்து வந்தார். அவர் முறையாகக் கல்வி பயின்றவரல்லர். எனினும், தாமே நூல்களைக் கற்றுக் கணிதத்தில் தேர்ச்சி பெற்றிருந்தார். தாம் கற்றவற்றைத் தம் மைந்தர் இருவர்க்கும் கற்பித்தார். அவ்விருவருள் மூத்தவரே ஜார்ஜ் சைமன் ஓம். அவர் 1789 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16 ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்தார்.

ஓம் 1805 இல் எர்லாங்கன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். ஆங்கு நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் பொழுதைப் போக்கினார். அது கண்டு வெகுண்ட தந்தையார், படிப்பை நிறுத்தி, மகனைச் சுவிட்சர்லாந்திற்கு அனுப்பிவிட்டார். ஓம் அங்கே ஒரு பள்ளியில் கணித ஆசிரியராய் அமர்ந்து, தாமாகவே மேலும் கற்றார். 1811 இல் தம் ஊர் திரும்பி டாக்டர் பட்டம் பெற்றார். பல்கலைக் கழகப் பேராசிரியராக வேண்டும் என்பது அவர்தம் வேட்கை. ஆயினும், பள்ளியாசிரியர் வேலையே அவருக்குக் கிட்டியது. 1817 முதல் கொலோன் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். அப்பள்ளியில் நல்லதோர் ஆய்வுக்கூடம் இருந்தது. அதுவே அவர் வாழ்வில் திருப்பத்தை உண்டாக்கியது.

இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, 1800 இல் மின்கல அடுக்கை அமைத்திருந்தார். அதன் துணையால் கம்பி வழியே மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்த முடிந்தது. எனினும், ஒரு கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் செல்லும், அஃது எவற்றைப் பொறுத்தது என்பன தெளிவாக விளங்கவில்லை. இவ்வினாக்களுக்கு விடை காண ஓம் முற்பட்டார்.

முதலில் ஓர் இடையூறு நேர்ந்தது. மின்கல அடுக்கின் ஆற்றல் நேரத்திற்கு நேரம் மாறியது. ஆதலால் அளவுகள் நிலைக்கவில்லை. அப்போது பொகெண்டார்ஃப் என்னும் அறிஞர் வேறொரு வழியைக் காட்டினார். இரு வேறு உலோகங்களை இரண்டு இடங்களில் இணைத்து, ஓரிணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை, சீபெக் என்பவர் 1821 இல் கண்டறிந்திருந்தார். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்தார். ஓரிணைப்பைக் கொதிநீராலும் மற்றதைப் பனிக்கட்டியாலும் மாறாத வெப்பநிலைகளில் நிறுத்தினார். மின்னோட்டமும் மாறாது நின்றது.

பின்னர், ஒரே பருமனும் வெவ்வேறு நீளமும் உடைய எட்டுச் செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்தார். அவற்றுள் மிகக் குறுகியது 2 அங்குலம். மிக நீண்டது 130 அங்குலம். மின்னோட்டத்தால் விலகிய காந்த ஊசியைக் கொண்டு அதன் வலிமையை அளந்தார். கம்பி நீள நீள, மின்னோட்டம் குறைந்தது. கம்பியின் தடையோடு கருவியின் தடையையும் கூட்டிப் பார்த்தபோது, அளவும் கணக்கும் பொருந்தின.

அவர் கண்ட உண்மையை ஓர் உவமையால் அறியலாம். உயரத்திலுள்ள தொட்டியினின்று குழாய் வழியே நீர் இறங்குகிறது. தொட்டி உயர்ந்தால் நீர் மிகுதியாகப் பாயும். குழாய் நீண்டாலும் குறுகினாலும் பாய்ச்சல் குறையும். நீரைச் செலுத்தும் உயரத்தைப் போன்றது மின்னழுத்தம். பாயும் நீரைப் போன்றது மின்னோட்டம். குழாய் தரும் தடையைப் போன்றது மின்தடை. வெப்பநிலை மாறாதிருக்கையில், மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 6 வோல்ட் அழுத்தத்தில் 2 ஓம் தடையுள்ள கம்பியை இணைத்தால் 3 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும். தடையை 4 ஓம் ஆக்கினால் 1.5 ஆம்பியரே செல்லும்.

இவ்வாய்வை முடிப்பதற்காக ஓம் அரை ஊதியத்தில் விடுப்புப் பெற்றுப் பெர்லின் சென்றார். 1827 இல் தம் நூலை வெளியிட்டார். பேராசிரியர் பதவி கிட்டும் என்று எதிர்பார்த்தார். ஆனால், அறிஞருலகம் அந்நூலைப் போற்றவில்லை. இயற்பியலைக் கணக்கால் விளக்கும் முறையைப் பலர் ஏற்கவில்லை. மனம் நொந்த ஓம், கொலோன் பள்ளி வேலையையும் துறந்தார். சில ஆண்டுகள் பெர்லினில் குறைந்த வருவாயில் கற்பித்து வாழ்ந்தார். 1833 இல் நூரன்பர்க் நகரத் தொழிற்கல்லூரியில் பணி ஏற்றார்.

உண்மை நெடுநாள் மறைந்திருப்பதில்லை. பிற அறிஞரும் ஆய்ந்து பார்த்து, ஓம் கண்டது சரியென உணர்ந்தனர். இலண்டன் ராயல் கழகம் 1841 இல் அவருக்குக் காப்லி பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. இளமை முதல் அவர் விரும்பிய பேராசிரியர் பதவி, மியூனிக் பல்கலைக் கழகத்தில் 1852 இல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 63. இரண்டே ஆண்டுகள் அப்பதவியில் இருந்து, 1854 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6 ஆம் நாள் மறைந்தார்.

1881 இல் பாரிசு மாநகரில் கூடிய மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகிற்கு ஓம் என்றே பெயரிட்டது. பூட்டுத் தொழிலாளியின் மைந்தர் பெயர் இன்று உலகெங்கும் மின்னியல் நூல்களில் வழங்குகிறது. போற்றுவார் இல்லாதபோதும், அளந்து கண்ட உண்மையைக் கைவிடாத ஆசிரியர் அவர்.