கோவை நரசிம்மலு நாயுடு

தேசாபிமானிகளின் பெயர்களை வரிசையிடுவோர் சென்னைப் பட்டணத்தோடு நின்றுவிடுவது வழக்கம். கொங்கு நாட்டில் பத்திரிகைத் தொழிலுக்கு உழைத்த சே. ப. நரசிம்மலு நாயுடுவை அவர்கள் மறந்துவிடுவதை நாம் நியாயமென்று ஒப்பமாட்டோம்.

1854-ல் ஈரோட்டில் பிறந்த இவர், 1877-ல் சேலம் தேசாபிமானியையும், 1879-ல் கோயமுத்தூர் அபிமானியையும், 1881-ல் கோயமுத்தூர் கலாநிதியையும் தொடங்கினார். லிட்டன் பிரபு 1878-ல் சுதேச பாஷைப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போட்ட காலம் அது. சென்னை மாகாணம் அச்சட்டத்துக்குத் தப்பியது மெய்யே. ஆயினும் சர்க்காரின் மனப்போக்கு வெளிப்பட்ட பின்னரும் ஜில்லா நகரொன்றில் தமிழ்ப் பத்திரிகை தொடங்கத் துணிவு வேண்டும்.

1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸுக்கு நாயுடு பிரதிநிதியாகச் சென்றார். அப்பெருமை ஒருபுறமிருக்க, நாம் பெரிதும் மதிப்பது தம் ஊரின் குறையை அவர் பொதுக் காரியமாக்கியதையே. அமெரிக்காவில் ஹார்ப்பர்ஸ் வாரப் பத்திரிகை, 1871-ல் தாமஸ் நாஸ்ட் வரைந்த கேலிச் சித்திரங்களைக் கொண்டு, நியூயார்க் நகரப் பணத்தைச் சூறையாடிய ட்வீட் கூட்டத்தைக் கலங்கடித்தது. நாயுடுவிடம் நாஸ்ட்டைப் போன்ற சித்திரக்காரர் இல்லை. எதிரே கொள்ளைக் கூட்டமும் இல்லை. சர்க்காரின் அசட்டையே இருந்தது. கோயமுத்தூர் ஜனங்கள் நல்ல குடிநீரின்றித் தவித்தார்கள். மேற்கு மலையிலே வீணாய் ஓடும் சிறுவாணி நீரை நகருக்குக் கொண்டுவர வேண்டுமென்று அவர் விடாது வாதாடினார். செலவுக்கு அஞ்சியோர் அதைக் கனவென்றே கருதினர்.

1922-ல் நாயுடு காலமானார். சிறுவாணி நீர் கோயமுத்தூர் வந்து சேர்ந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே.