பொறையே வலிமை: ஆச்சாரிய சாந்திசாகரரின் தவ வாழ்வு

உடல் வலிமை வேறு. உள்ள வலிமை வேறு. முன்னது உணவாலும் உழைப்பாலும் வளர்ந்து வயதோடு தேய்வது. பின்னது, வரும் துன்பத்தைக் கலங்காது ஏற்றுப் பழகுவதால் வளர்வது, முதுமையிலும் குறையாதது. இவ்வுண்மைக்கு இருபதாம் நூற்றாண்டு கண்ட பெருஞ்சான்று, சாரித்ர சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற ஸ்ரீ 108 ஆச்சாரிய சாந்திசாகர் மகராஜ் ஆவார்.

இளமையும் இல்லறச் சூழலும்

கருநாடகத்தின் பெல்காம் மாவட்டத்தில் தூதகங்கை, வேதகங்கை என்னும் ஈராறுகள் கூடும் இடத்தை அடுத்தது போஜ் கிராமம். அதன் அருகிலுள்ள எளகுளத்தில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், 1872ஆம் ஆண்டு பீமகவுடா பாட்டீல், சத்தியவதி தம்பதியர்க்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சாத்கவுடா. அக்கால வழக்கப்படி ஒன்பதாம் வயதிலேயே மணம் முடித்து வைத்தனர். மணப்பெண் சில மாதங்களிலேயே மறைந்தாள். பின்னர் அவர் மறுமணத்திற்கு இசையவில்லை.

இயல்பிலேயே அவர் நல்ல உடற்கட்டு வாய்ந்தவர். அவ்வலிமையைப் பிறரை வெல்ல அவர் பயன்படுத்தவில்லை. முனிவர் ஆதிசாகரர் ஊருக்கு எழுந்தருளிய காலங்களில், அவரைத் தம் தோளில் சுமந்து ஆற்றுநீரைக் கடப்பித்து அக்கரை சேர்ப்பார். வயலில் தானியம் கொத்த வரும் பறவைகளை விரட்டாமல் அவை பருகத் தண்ணீரும் வைத்தவர் என்று அவ்வூரார் நினைவுகூர்ந்துள்ளனர். பதினெட்டு வயதளவிலேயே துறவெண்ணம் தோன்றிற்று. எனினும் பெற்றோர் வேண்டுகோளுக்கு இணங்கி, அவர்தம் இறுதிக்காலம் வரை இல்லத்திலேயே இருந்து பணிவிடை செய்தார்.

படிப்படியான பயிற்சி

முப்பத்திரண்டாம் வயதில் அவர் சம்மேத சிகர்ஜிக்கு யாத்திரை சென்றார். இருபது தீர்த்தங்கரர் வீடுபேறெய்திய அம்மலையை ஏறி, சிகரங்களை வலம் வந்து, இறங்கி முடிக்க ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நடத்தல் வேண்டும். உடன் வந்த மூதாட்டி ஒருவர் ஏற இயலாது தவித்தபோது, அவரைத் தம் முதுகில் சுமந்து சென்று தரிசனம் செய்வித்தார். அப்புனிதத் தலத்திலேயே நெய்யையும் எண்ணெயையும் வாழ்நாள் முழுவதும் துறந்தார். ஊர் திரும்பியபின் ஒருவேளை உணவே கொள்ளும் நியமத்தையும் மேற்கொண்டார்.

இங்கு நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவர் ஒரே நாளில் அனைத்தையும் உதறியவர் அல்லர். முதலில் நாவின் சுவை. பின் உணவின் வேளை. 1912ஆம் ஆண்டில் பெற்றோர் மறைந்த பின்னரே இல்லம். 1915ஐ ஒட்டி உத்தூரில் தேவப்ப சுவாமிகளிடம் க்ஷுல்லக தீக்ஷை பெற்றார். பின்னர் கிர்நார் மலையில் நேமிநாத பகவான் திருமுன் ஐலக விரதம் பூண்டார். 1920ஆம் ஆண்டில் யர்னாளில் முனி தீக்ஷை ஏற்றபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. ஒவ்வொரு படியிலும் கால் ஊன்றிய பின்னரே அடுத்த படியை ஏறினார். ஆதலின் ஒருமுறையேனும் பின்வாங்க நேர்ந்ததில்லை.

திறந்த வெளியே இல்லம்

திகம்பர முனிவரின் இருபத்தெட்டு மூலகுணங்களை எண்ணிப் பார்த்தால் அவ்வாழ்வின் கடுமை புலனாகும். ஆடையில்லை, காலணியில்லை, ஊர்தியில்லை, நீராடலில்லை. நாளுக்கு ஒருமுறை நின்றவாறே கையில் ஏற்றுண்பது. தண்ணீரும் அவ்வொரு வேளையே. தலைமயிரைத் தம் கையாலேயே களைதல். வெறுந்தரையிலோ பலகையிலோ சிறிது துயிலல். பசி, தாகம், குளிர், வெப்பம், கொசுக்கடி தொடங்கி இருபத்திரண்டு பரீஷஹங்களை நம் ஆகமங்கள் எடுத்துரைக்கின்றன. இவற்றைப் பொறுத்தல் உடலை வதைத்தற்கன்று. மேற்கொண்ட நெறியினின்று மனம் நழுவாதிருத்தற்கும் வினைகள் உதிர்தற்குமே ஆகும்.

பெல்காம் மாவட்டத்துக் கொண்ணூர்க் குகையில் அவர் தியானத்தில் இருந்தபோது நாகம் ஒன்று அவர் உடல்மீது ஊர்ந்து சுற்றியது என்றும், அவர் அசையாது இருந்தமையால் அது தானே அகன்றது என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். கேட்போர் இதனை அற்புதமாகக் கருதுவர். ஆயின் எறும்பும் கொசுவும் கடித்த எண்ணற்ற இரவுகளில் உடலை அசைக்காதிருக்கப் பழகியவர்க்கன்றோ நாகம் வந்தபோது மனம் அசையாதிருந்தது? சிறிய துன்பத்தில் கற்ற பாடமே பெரிய துன்பத்தில் துணை நின்றது.

வடநாட்டு யாத்திரை

1924ஆம் ஆண்டில் சமடோளியில் ஆச்சாரியப் பதவி ஏற்றார். 1927ஆம் ஆண்டில் சங்கத்தோடு கால்நடையாகச் சம்மேத சிகர்ஜிக்குப் புறப்பட்டார். முன்பு ஊர்தியில் சென்ற தொலைவை இம்முறை வெற்றடியால் அளந்தார். திகம்பர முனிவரின் நடமாட்டம் வடநாட்டில் அருகிப்போயிருந்த காலம் அது. சில ஊர்களில் ஆங்கில ஆட்சியின் தடையும் இருந்தது. சிகர்ஜி தரிசனத்திற்குப்பின் கட்னி, லலித்பூர், மதுரா, தில்லி, ஜெய்ப்பூர் என ஆண்டுதோறும் சாதுர்மாஸ்யம் இயற்றினார். தென்னகத்தில் பிறந்தவர், வடநாட்டின் கடுங்குளிரையும் அனற்காற்றையும் ஆடையற்ற மேனியோடு ஏற்றார்.

இயற்கை தரும் துன்பத்தைப் பொறுப்பது ஒரு நிலை. மனிதர் தரும் துன்பத்தைப் பகையின்றிப் பொறுப்பது அதனினும் உயர்ந்த நிலை. தோல்பூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ராஜாகேடாவில் ஆயுதம் ஏந்திய கூட்டம் ஒன்று சங்கத்தைத் தாக்க வந்தது. சிராவகர்கள் குறுக்கே நின்று தடுத்தனர். காவலர் வந்து தலைமை தாங்கியவனைச் சிறைப்பிடித்தனர். அவனை விடுவிக்கும் வரை ஆகாரம் ஏற்பதில்லை என ஆச்சாரியர் உறுதியாக இருந்தார், அவன் விடுவிக்கப்பட்டான். பசியையும் குளிரையும் தாங்கியதன் உண்மையான பயன் இங்கேதான் விளங்கிற்று. உடல் நோவிற்கு வெகுளாத உள்ளம், நோவைத் தர வந்தவனிடத்தும் வெகுளவில்லை.

குந்தல்கிரியில் நிறைவு

முப்பத்தைந்து ஆண்டுத் துறவு வாழ்வில் அவர் 9,938 நாட்கள் உபவாசம் இருந்ததாகக் கணக்கிட்டுள்ளனர். ஏறத்தாழ 27 ஆண்டுகளுக்கு ஈடான காலம் இது. முதுமையில் கண்ணொளி மங்கியது. வழியிலுள்ள சிற்றுயிர்களைக் கண்டு விலகி நடத்தல் முனிவரின் கடமை. அக்கடமையைச் செவ்வனே ஆற்ற இயலாத நிலையில் உயிர் தாங்குவதைவிட, விதிப்படி உடலை நீத்தலே தக்கதென முடிவு செய்தார்.

மகாராஷ்டிரத்தின் குந்தல்கிரி, குலபூஷணர், தேசபூஷணர் என்னும் முனிவர் இருவர் கொடிய உபசர்க்கத்தைப் பொறுத்து வீடுபெற்ற தலம். அங்கே 1955ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சல்லேகனை மேற்கொண்டார். தொடக்கத்தில் தண்ணீர் மட்டும் சில நாட்களில் ஏற்று, பின்னர் அதனையும் துறந்தார். தொலைவிலிருந்த சீடர் வீரசாகர முனிவர்க்கு ஆச்சாரியப் பதவியை அளித்துப் பொறுப்புகளிலிருந்தும் விடுபட்டார். நாடெங்கிலுமிருந்து மக்கள் திரண்டு வந்து தரிசித்தனர். முப்பத்தாறாம் நாளாகிய செப்டம்பர் 18ஆம் தேதி காலையில் அமைதியாக உடல் நீத்தார். சிகர்ஜியில் நெய்யைத் துறந்த நாளில் தொடங்கிய பயிற்சி, அரை நூற்றாண்டுக்குப்பின் அங்கே நிறைவெய்தியது.

நாம் கொள்ளத்தக்கது

இல்லறத்தார்க்கு முனிவரின் கடுந்தவம் விதிக்கப்படவில்லை. ஆற்றலுக்கு மீறிய விரதம் மனத்தை வாட்டும். பிறர் மெச்ச ஏற்கும் துன்பம் செருக்கையே வளர்க்கும். ஆயினும் சிறு வெயிலுக்கும் சிறு பசிக்கும் கலங்கும் உள்ளம், நோயும் இழப்பும் வரும்போது எவ்வாறு நிலைபெறும்? நம் பிள்ளைகளை மலைத் தலங்களுக்கு அழைத்துச் செல்லும்போது, இயன்றவரை படியேறி நடக்கச் செய்வோம். பருவ நாட்களில் ஒருவேளை உணவையேனும் துறக்கப் பழகுவோம். வழியில் தளர்ந்தோர்க்குத் தோள் கொடுக்கவும் கற்பிப்போம். மலையேற்றத்தில் மூதாட்டியைச் சுமந்த இளைஞரே பின்னாளில் ஒரு சங்கத்தையே தாங்கிய ஆச்சாரியர் ஆனார் என்பதை மறவாதிருப்போமாக.

வாழ்க ஜினதருமம்! வளர்க அறம்!