ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோள்

லயன்ஸ் கழகம் என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை கண் சிகிச்சை முகாம்களும் இலவச மூக்குக்கண்ணாடிகளுமே. 1917இல் சிக்காகோவில் வர்த்தகப் பிரமுகர்கள் தொடங்கிய அக்கழகத்தைக் கண்களின் பக்கம் திருப்பியவர் பார்வையற்ற ஒரு பெண் என்பதை நாம் பெரிதும் நினைப்பதில்லை.

ஹெலன் கெல்லர் 1880 ஜூன் 27ஆந் திகதி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். பத்தொன்பது மாதக் குழந்தையாயிருந்தபோது கண்ட கடும் நோயால் பார்வையையும் கேட்கும் திறனையும் ஒருங்கே இழந்தார். 1887 மார்ச்சில் ஆன் சலிவன் என்ற இருபது வயது ஆசிரியை அவர் வீட்டுக்கு வந்தார். தாமே பார்வைக் குறைபாடுடைய அந்த ஆசிரியை, சிறுமியின் உள்ளங்கையில் விரல்களால் எழுத்தெழுத்தாகச் சொற்களை உணர்த்தினார். 1904இல் ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். பார்வையும் செவிப்புலனும் அற்றோரில் கலைமாணிப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

வைத்தியர்களாகிய நாம் அவரை மதிக்க வேறொரு காரணமும் உண்டு. அக்காலத்தில் பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கிருமியால் பச்சிளங் குழந்தைகள் பலர் பார்வையிழந்தனர். பிறந்தவுடன் கண்ணில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் விட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பது தெரிந்தேயிருந்தது. ஆயினும் அது பாலியல் நோயோடு தொடர்புடையதாகையால் கௌரவமான வீடுகளில் எவரும் வாய்திறக்கவில்லை. ஹெலன் அதனைப் பெண்கள் சஞ்சிகையிலேயே வெளிப்படையாக எழுதினார்.

1925 ஜூன் 30ஆந் திகதி ஒஹாயோ மாநிலத்தின் சீடர் பொயின்றில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் அவர் உரையாற்றினார். அனுதாபம் கேட்கவில்லை, வேலை கொடுத்தார். தடுக்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதையும், விழிப்புலனற்ற பிள்ளைகளின் கல்வியையும், பெரியவர்களுக்கான உதவியையும் தம் பணியாக ஏற்குமாறு அங்கத்தவர்களை வேண்டினார். கழகம் ஏற்றது. 1930இல் பியோரியா நகர லயன்ஸ் கழகத்தினர், விழிப்புலனற்றோரின் பிரம்பு வாகனமோட்டிகளின் கண்ணில் படுவதற்காக அதற்கு வெள்ளை வர்ணம் பூசி வழங்கினர். 1990இல் தொடங்கிய சைட்ஃபெர்ஸ்ட் திட்டம் கண்புரைச் சத்திரசிகிச்சைகளை உலகெங்கும் கொண்டுசென்றது.

ஹெலன் 1968 ஜூன் 1ஆந் திகதி, தமது 87ஆவது வயதில் காலமானார். அவர் வழிகாட்டிய கழகம் பெண்களை முழு அங்கத்தவராகச் சேர்க்க முடிவு செய்தது 1987இல்தான். அவர் மறைந்து பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தபின்.

இன்று எம் பழைய மாணவிகள் பலர் இத்தகைய கழகங்களில் தலைவிகளாகவும் செயலாளர்களாகவும் இருக்கின்றனர். முகாம் நடத்துவதும் நிதி திரட்டுவதும் எமக்குக் கைவந்தவை. ஆனால் மார்பிலுள்ள கட்டியை வெட்கத்தால் மறைத்து, காலந்தாழ்ந்து கிளினிக்குக்கு வரும் தாய்மாரை நாம் இன்றும் காண்கிறோம். பேசக் கூச்சப்படும் நோயைப் பெயர் சொல்லிப் பேசுவதும் தொண்டுதான். அதற்குப் பணம் வேண்டியதில்லை. ஹெலன் காட்டிய துணிவு வேண்டும்.